கள்ளித் தோட்டத்தில் பெண் பார்த்தது

என்னைப் பெண் பார்க்க வந்தது கள்ளிச் செடிகளுக்கு நடுவில். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலை மலையில், பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம், சரிவில் ஒரு செடித் தோட்டம் இருந்தது. மெக்சிகோவிலிருந்தும் வேறு எங்கெங்கிருந்தோவும் வந்த கள்ளிகளைப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தேயிலையையும் மூடுபனியையும் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது வெளிநாடு.

அப்பா எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. நான் எஸ்டேட் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பயிற்சிக் கல்லூரிக்கு நேர்முகம் போய்வந்து பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் ஈப்போவிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. தை பிறந்ததும் கல்யாணம், அதற்கப்புறம் படிப்பும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவர்கள் சரி என்று சொன்னால் என் கல்லூரிக் கனவு அதோடு முடிந்தது. சாப்பிடாமல் அடம் பிடித்துப் பார்த்தேன். அம்மா நெத்திலிச் சம்பல் செய்ததும் அந்த அடம் கரைந்துவிட்டது. அம்மாவும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் வரிசை வீடுகள் ஒட்டி நிற்கும் லயன் முழுக்கத் தெரிந்துவிடும். வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் மாதக்கணக்கில் அதே பேச்சுதான். அதனால் வெளியே எங்காவது, தற்செயலாகச் சந்திப்பது போல ஏற்பாடு செய்வார்கள். பெரும்பாலும் கோயிலில்.

"கோயில் வேணாங்க, தெரிஞ்சவங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க. அந்தச் செடித் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க. சுத்திப் பாத்த மாதிரியும் இருக்கும் லா" என்றாள் அம்மா. அப்பாவுக்கு யோசனை பிடித்துப்போனது. கௌரவமாகவும் இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் வேனை வாங்கிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். பட்டுப் புடவைக்கு மேல் நான் பழைய சுவெட்டரைப் போட்டிருந்தேன். கழற்று என்றாள் அம்மா. கழற்றவில்லை. கோபத்தைக் காட்ட என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாங்க இது? நல்ல காரியம் பேச வந்த எடத்துல பூராவும் முள்ளா இருக்கு?"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முள்செடியை வீட்டுக்குள்ளேயே சேர்க்காத ஆட்களைக் கள்ளிக் காட்டுக்கு வரவழைத்திருக்கிறோமே! "பூக்குங்க, அழகாப் பூக்கும்" என்று அவசரமாக ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் பூ இல்லை.

மாப்பிள்ளை நல்லவர்தான், பாவம். பேச்சை மாற்ற நினைத்திருப்பார். பூசணிக்காய் மாதிரி உருண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் முள்ளோடு ஒரு கள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்து, தமிழாக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அம்மா, இதுக்குப் பேரு மாமியார் மெத்தையாம்!"

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், அது மூக்கு வழியாகப் பீறிட்டு இன்னும் பெரிதாக வந்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். தன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். காரில் ஏறும்போது அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார்: "இது ஒத்து வராதுங்க. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அப்பாடா! முதுகிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. தலையில் கைவைத்தபடி வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா மட்டும் அவசரப்படவில்லை. தட்டுத் தட்டாகப் பார்த்து, உள்ளங்கை அளவுத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே இருந்த சீனப் பெண்மணி அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மலாயில் சொன்னாள். போன வாரம் அவ்வளவு நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனீர்களே, இன்றைக்காவது ஒன்று வாங்கினீர்களே என்று.

"போன வாரம் இங்க வந்தியாம்மா?"

"சந்தைக்குப் போற வழிதானே."

"அவங்களுக்கு முள்ளு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தரகரு சொன்னாரு. சகுனம் பாக்காம வாசப்படி தாண்ட மாட்டாங்களாம்." தொட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீ சிரிச்சதுதான் ரொம்ப அதிகம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இவளிடமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்!

வேனிலேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எனக்கு அப்படி ஒரு பசி. அப்பாதான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எல்லாம் எடத்தால வந்த வினை. அடுத்த தடவ கோயில்லயே வச்சிக்கலாம்" என்றார்.

அம்மா மடியிலிருந்த தொட்டியை முள் குத்தாமல் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு? அவ படிச்சி முடிக்கிற வரைக்கும் யாரு வந்தாலும் இங்கயே வரச் சொல்லுங்க."