சிவப்புச் சட்டைக்கு ஒரு நேர்ச்சை

அந்தோனியாரிடம் அல்போன்சம்மாளுக்கு இருந்த செல்வாக்கு சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்கே தெரியும். தொலைந்த சாவியோ, அமையாத மாப்பிள்ளையோ, அவள் காதில் போட்டால் போதும். பன் நேர்ந்துகொள்வாள். காரியம் முடிந்த செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் எல்லோருக்கும் பன் கிடைக்கும்.

அந்த வருஷம் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. பெண்கள் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு, ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கணவர் பெர்னார்ட் அவளை அழைத்துப்போனார். ஸ்டேடியத்தின் உச்சியில்தான் இடம் கிடைத்தது. கீழே ஓடுகிறவர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். நம் சிங்கப்பூர்க் கொடியின் நிறமாயிற்றே என்று, சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டவளையே அல்போன்சம்மாள் நம் நாட்டுப் பெண்ணாக எடுத்துக்கொண்டாள்.

"அந்தோனியாரே, அந்தச் சிவப்புச் சட்டைய விட்றாதீங்க. பன்னு என் பொறுப்பு" என்று தொண்டை வற்றக் கத்தினாள்.

சிவப்புச் சட்டைதான் ஜெயித்தது. துள்ளி எழுந்த அல்போன்சம்மாள், சுற்றிலும் யாருமே எழாததைப் பார்த்தாள்.

"அது இந்தோனேசியா லா," என்றார் பெர்னார்ட். "அவங்க கொடியும் சிவப்பு வெள்ளதான். நம்ம பொண்ணு முழு வெள்ளைல, அந்தா கடைசியா வருது. அப்ப பன்னு கெடையாதுதானே?"

"அவரு மேல என்னங்க தப்பு? கேட்டதக் குடுத்துட்டாரே."

செவ்வாய்க்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பன் கொடுத்தாள்.

அடுத்த மாதம் மறுபடி முழங்காலிட்டாள். "அந்தோனியாரே, எங்க வீட்டுக்காரருக்குப் பிரமோஷன் வேணும். பேரு பெர்னார்ட். ஜூரோங். வழுக்கை. சிங்கப்பூர் சிட்டிசன்."