கேமரா வந்ததால் படிக்கப் போனேன்

எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பல வருஷமாக என் வேலை. பைராம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளி இறுதியோடு, படிப்பை விட்ட எனக்கு அந்தக் குளிர்ந்த அறையே பெரிய உயர்வாகத் தெரிந்தது. பிறகு கேமரா பொருத்திய இயந்திரம் வந்தது. எங்கள் வரிசை நாள் முழுக்கப் பார்ப்பதை அது தேநீர் நேரத்துக்குள் பார்த்து முடித்தது.

சிலரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இயந்திரத்தைப் பராமரிக்கக் கற்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை டிப்ளோமா வகுப்பில் சேரலாம் என்றார் மேலாளர். நாற்பது வயதைத் தாண்டிய நான் கை தூக்கினேன். பக்கத்து இருக்கைக்காரியும் தூக்கினாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் கறிகளும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவரின் மகள். என்னைவிட மிகவும் இளையவள்.

வகுப்பு முழுக்க ஆங்கிலம். எனக்குப் பாதி புரியாது. அவள் காதோரம் தமிழில் சொல்வாள். கணக்கு அவளுக்கு வராது. அதை நான் சொல்லித் தருவேன். அப்படியும் முதல் தேர்வில் அவள் தேறினாள், நான் தேறவில்லை. அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அவள் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“எழுந்து வாங்க லா, அக்கா. காடியக் கீழ நிறுத்திட்டு வந்திருக்கேன். நீங்க வரலன்னா நானும் போகல.”

லாரி ஓட்டும் என் கணவருக்கு அன்று விடுமுறை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“போயிட்டு வா. அங்க போனா தலைவலி சரியாயிடும். மீன் கறிய நான் பாத்துக்கறேன்.”

போனேன். திரும்பி வந்தபோது கறியில் உப்பு தூக்கலாக இருந்தது. அவ்வளவு நன்றியோடு நான் எதையும் சாப்பிட்டதில்லை. அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அவர் சமையல்தான்.

மறுதேர்வில் தேறினேன், டிப்ளோமாவும் முடித்தேன். இன்று அந்தக் கேமராக்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. கோளாறு வந்தால் ஜெர்மனியில் இருக்கும் பொறியாளரோடு திரை வழியே பேசுகிறேன். என் ஆங்கிலம் இன்னும் தடுக்கும். அவர் பொறுமையாகக் கேட்கிறார், நானும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அவளுக்குப் பாலம் தாண்டிப் பெருநிலத்தில் வேறொரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. போன வாரம் அழைத்து, பட்டப்படிப்புக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். நானும் சேர வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த கணவர், அப்படியென்றால் தான் அடுத்து சாம்பார் வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.