பரிமளத்தின் வீட்டுக் கந்தோர்

இன்று காலை உப்புவெளியில், பரிமளத்தின் வீட்டில் ஒரு விலைமனு டைப் அடிப்பித்தேன்.

துறைமுகத்துக்கு வந்திருக்கும் கப்பலுக்கு நான் மரக்கறி கொடுப்பதற்கான மனு. மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்தக் கப்பல் வேறொருவருக்குப் போய்விடும்.

பரிமளம் கந்தோர் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே மெஷின் வைத்து அடித்துக் கொடுக்கிறவர். வழக்கம்போல டைப் அடிக்கும் விலையைக் குறைத்துப் பார்த்தேன்.

"தங்கச்சி, உங்களுக்குக் கடை வாடகை இல்லை, பஸ் காசு இல்லை, மேலதிகாரியும் இல்லை. கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ."

"ஓம் முதலாளி, எல்லாம் வசதிதான்" என்றார்.

அந்த நேரம் அதே ஒழுங்கையில் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்தார்.

"அக்கா, நீங்கள் வீட்டில சும்மாதானே இருக்கிறீங்கள். இவனை ஒருக்காப் பாருங்கோ, சந்தைக்குப் போட்டு வாறன்."

பிள்ளையை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பரிமளம் ஒரு கையால் அடிக்கத் தொடங்கினார். வெண்டிக்காய் விலைக்கு வந்தபோது பிள்ளையும் மெஷினில் கை வைத்தது. தாள் பழுதாகிவிட்டது.

"கந்தோரில எண்டா இப்பிடிக் கொண்டுவந்து வைப்பினமோ?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு மேலதிகாரிதான். இங்க ஒழுங்கை முழுக்க மேலதிகாரி. இவனை வைச்சுக்கொண்டு மத்தியானத்துக்குள்ள முடிக்க ஏலாது, முதலாளி."

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களே, உங்கள் ஒழுங்கையிலும் இப்படித்தானா?

நாங்கள் பேசி முடித்தது இதுதான்: கந்தோரில் டைப் அடிக்க வாங்கும் விலையையே தருவது. அடித்து முடியும்வரை பிள்ளை என் மடியில். நான் கட்டியிருக்கும் சாரம் நனைந்தாலும் விலையில் கழிவு கேட்கக் கூடாது.