போதகரின் புத்தகத்தில் நான் மாற்றிய சொல்

பிழை விட்டு ஏச்சு வாங்கிய கொம்போசிட்டர்கள் பலர். நல்லது செய்வதாக நினைத்து ஏச்சு வாங்கியவன் நான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலை நகரில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் கொம்போசிட்டராக ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். மெதடிஸ்த சபையின் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் தன்னுடைய மூன்றாவது புத்தகத்தை எங்களிடம் கொடுத்திருந்தார். முதல் இரண்டும் வெள்ளைக்கார மிஷனரிமாரின் வரலாறு. இது கரையோரச் சபைகளின் கதை. நான் சைவன். என்றாலும் விருப்பத்தோடு வாசித்துத்தான் கோப்பேன்.

ஐந்தாம் அதிகாரத்தில் கை நின்றுவிட்டது. போன நூற்றாண்டில் வாந்திபேதி பரவிய காலம். மிஷன் கிணறு எல்லாருக்கும் பொது என்பது விதி. ஆனால் குடத்தோடு வந்த மீன்பிடிக் குடும்பங்களுக்கு, சாதி பார்த்து, அங்கிருந்த உபதேசியார் ‘தண்ணீர் கொடுக்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தது. கீழே, அதனால் இறந்த பிள்ளைகளின் பெயர்கள். ஏழு. கடைசியாக, ‘பெயரிடப்படாத பெண் குழந்தை.’

வேதம் சொல்லிக்கொடுத்த மனிதனா இப்படிச் செய்தான்? இதை அச்சடித்தால் வயதுபோன காலத்தில் போதகர் ஐயாவுக்குச் சபையில் வீண் கரைச்சல் வரும் என்று பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. ‘கொடுக்க மறுத்தார்’ என்பதை எடுத்துவிட்டு, ‘கொடுக்க இயலவில்லை’ என்று கோத்தேன்.

அடுத்த நாள் போதகர், பிழை பார்க்கக் கொடுத்த புரூப்பைக் கையில் பிடித்தபடி நேரே என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“இந்தச் சொல்லை ஆர் மாத்தினது?”

“நான்தான் ஐயா. ஊழியம் செய்த மனுசன். அவரை இப்பிடி எழுதினால் உங்களுக்கெல்லோ சபையில கரைச்சல் வரும்?”

“அவர் ஆர் எண்டு தெரியுமோ உமக்கு?”

“தெரியாது ஐயா.”

“என்ர அம்மாவின்ர தகப்பன்.”

கையிலிருந்த எழுத்துகள் கீழே கொட்டிவிட்டன.

கதிரையில் உட்கார்ந்த பிறகு அவருடைய குரல் இறங்கியது. “கிணத்தைப் பூட்டினது நான்தான் எண்டு அவரே நாட்குறிப்பில எழுதி வைச்சிருக்கிறார். வெள்ளைக்காரர் விட்ட பிழையெல்லாம் ரெண்டு புத்தகத்தில எழுதிப்போட்டன். எங்கட வீட்டுப் பிழையை மட்டும் விட ஏலுமோ?”

பழைய சொல்லையே திரும்பக் கோத்தேன். புத்தகம் வெளிவந்தது. சபையில் சிலர் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அறுபது வயதுள்ள மீனவர் ஒருவர் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அச்சுக்கூடத்துக்கு வந்தார். “அந்தக் கிணத்துக் கதையை ஒருக்கா வாசியுங்கோ. எனக்கு எழுத்துத் தெரியாது” என்றார்.

வாசித்தேன். நான்காவது பெயரில் மேசையை இறுக்கிப் பிடித்தார்.

“அது என்ர அப்பாவின்ர தமையன். எங்கட வீட்டில இந்தக் கதை சொல்லுவினம். சின்னனில நான் வெளியில சொன்னதுக்கு, கேட்ட ஆக்கள் பொய் எண்டு அடிச்சவை.”

அவரை அடித்தவர்களோடு நானும் சேர இருந்தேன். ஒரே ஒரு சொல்லால்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேளுங்கள். இரக்கப்பட்டும் ஒரு சொல்லை மாற்றாதீர்கள்.