நோட்டைக் கண்டால் மாணிக்கவாசகம்

தேவகி மாமனாரின் வேட்டியைச் சோடாக்காரத்தில் ஊறப்போட்டு எடுத்துக் கல்லில் அடித்தாள். நேற்றைய வேட்டியிலும் இதே கறை, இதே இடம், இடுப்புக்குக் கீழே. வேட்டிக்குச் சொந்தக்காரரான மாணிக்கவாசகம் உள்ளே கட்டிலில் படுத்தபடி போர்வை ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி, "ஊடை இழையை ஒழுங்காத் தட்டலியே, படுபாவி" என்று முகம் தெரியாத நெசவுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எழுபதாம் வருஷம் ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், இரண்டு வருஷமாகப் படுக்கைதான். "எரியுதும்மா, நெருப்பு மேல படுத்துக்கினு இருக்கேன்" என்று தேவகியிடம் அழுவார். பால்காரியிடம் அழுவார். ஜன்னலோரம் நின்றவர் எவரானாலும் சரி. வியாழக்கிழமை மட்டும், சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போகும் தர்ம ஆஸ்பத்திரி நர்ஸ் லில்லி நோட்டை விரித்து உட்கார்ந்ததும் மனிதர் மாறிவிடுவார்.

"ஒரு குறையும் இல்லீங்கம்மா. நல்லா போய்க்கினு இருக்குது."

நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். முதலாளியின் ஆள் நோட்டோடு வந்து எட்டிப் பார்த்தால், இழை அறுந்து கிடந்தாலும் இதைத்தான் சொல்லவேண்டும். குறை சொன்ன வீட்டுக்கு நெய்ய அடுத்த பாவு நூல் வராது. பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பெண்கள் தன்னைப் புரட்டிப் பார்க்கவும் விடமாட்டார். குளிப்பாட்டுவது மகன் ராஜவேலு. படுக்கைப் புண் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவன் தறிக்கூடத்துக்குப் போய்விடுவான். போன வாரம் பொறுக்கமாட்டாமல் தேவகி கறை வேட்டியையே லில்லியின் முகத்துக்கு நேரே விரித்தாள். "அது பட்டுச் சாயம்மா" என்றார், வாய் கூசாமல். தறியைத் தொட்டே இரண்டு வருஷமானவர்!

இன்றும் அதே பாட்டு.

"வலி இருக்குதா, பெரியவரே? புண்ணு?"

"கிடையாதுங்க."

லில்லி பேனாவை மூடினாள். "நோயாளி சொல்றதைத்தான் நான் எழுதணும், தேவகி. மூணு வாரமா நல்லாருக்கேன்றாரு. இனிமே நோட்டுலருந்து பேரை எடுத்துடுவாங்க. கட்டுப் போடக் கம்பவுண்டர் வரணும்னா அவர் வாயால சொல்லணும். தெருக்கோடி வீட்டுலதான் இருப்பேன், மனசு மாறினா கூப்பிடு."

அவள் படி இறங்கியதும் தேவகி வெடித்தாள். "எனக்கு ஒரு வாய், அவங்களுக்கு ஒரு வாயா மாமா? அவங்க இன்னா உங்க முதலாளியா, பாவைப் புடுங்கிக்கினு போக? நாளைக்குப் புழு வெச்சா அந்த நோட்டா வந்து கழுவும்?"

மாணிக்கவாசகம் போர்வை ஓரத்தை விரலில் சுற்றினார்.

"எழுதிட்டாங்கன்னா தூக்கிக்கினு போயி ஆஸ்பத்திரியில போட்டுருவாங்கம்மா. எதிர்வூட்டுக் கலியனைப் போட்டாங்களே, திரும்பி வந்தானா?" குரல் இறங்கியது. "சரி, கூப்புடு. சொல்றேன். சொன்னா, நீ என்னை அனுப்பிட மாட்டியே?"

தேவகி அவர் தலையைத் தூக்கித் தலையணையை ஒரு தட்டுத் தட்டி வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோடி வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று வெளியே போனாள்.