அக்கா கொண்டுவந்த அட்டைகள்

நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பற்றி ஒரு கதை கிளம்பியிருந்தது. மலையில் கொழுந்து பறிப்பவர்களின் காலில் ஏறும் அட்டைகளை நான் பிடித்துப் போகிறேனாம். அவை குடித்த ரத்தத்தைப் பிழிந்து கொழும்பில் விற்கிறேனாம்.

அட்டை பிடித்தது உண்மைதான். என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் மேடம் எனக்குக் கொடுத்த வேலையே அது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. அதன் எச்சிலில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் ரத்தத்தை உறைய விடாமல் செய்கிறது. மலைநாட்டு அட்டையில் அது என்ன புரதம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண்டிப் பக்கம் எங்கள் பல்கலைக்கழகக் கெம்பஸில் இருந்து சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, மஸ்கெலியாவில் இறங்கி வீட்டுக்கு வருவேன். தோட்டத்து மேனேஜர் தொரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். அதுவே வினையாகிப் போனது.

"தொரை சும்மா கையெழுத்துப் போடுவாரா?" என்று எங்கள் தோட்டத்துத் தலைவர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே கேட்டார். தொழிற்சங்க விஷயமெல்லாம் அவர்தான் பார்ப்பார். "அவருக்கு இதுல என்னா கெடைக்குது புள்ள?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. படிப்புக்குத்தான்."

"படிப்புக்கு அட்டையா?" அவர் என் பையைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது நாலைந்து பெண்கள் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்து விளக்கமாகச் சொன்னேன். "அட்டை எச்சில் ரத்தத்தைக் கட்ட விடாதுங்க. அதுல இருக்கிற பொருளைத் தனியாப் பிரிச்செடுத்தா, ரத்தக்கட்டி வர்றவங்களுக்கு ஒருநாளைக்கு மருந்தாகலாம்." சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், "எங்க ரத்தத்த வச்சு எங்களுக்கே மருந்தா?" என்று முணுமுணுத்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி காம்பராவில் இருக்கும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாளி நிறைந்து வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"வெறும் போத்தல் இருந்தாக் குடு புள்ள. மலையில ஏர்றதையெல்லாம் புடிச்சுப் போட்டுத் தாரேன்."

எனக்குச் சந்தோஷம். மூன்று போத்தல்கள் கொடுத்தேன். "ரத்தம் குடிச்சது வேண்டாங்க அக்கா. பசியோட இருக்கிறதுதான் வேணும்" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு, "அது உசுரோட கடிக்கிறப்பதான் எச்சில் வருமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வியை நான் யோசித்தே பார்க்கவில்லை.

இரண்டு வாரம் அவர் ஒழுங்காகப் போத்தல்களைக் கொண்டுவந்து தந்தார். கண்டியிலிருந்து வாங்கி வந்த கேக்கை நீட்டினேன், வாங்கவில்லை. அம்மாவுக்குத்தான் அது உறுத்தியது.

"ஒண்ணும் வாங்காம அவ ஏன் இதச் செய்யறா? பொழுதுக்கும் கொழுந்தெடுத்துட்டு, வாதத்துல கெடக்கிற புருசனயும் பாத்துக்கிட்டு, உனக்கு அட்டை வேற புடிக்கிறாளாக்கும்."

"நல்ல மனசும்மா."

அம்மா போத்தல்களைக் கோழிக்கூட்டுப் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். அட்டைகளின் தலைப்பகுதியை வெட்டி, பனிக்கட்டியில் வைத்த கரைசலில் அரைப்போம். அரைத்ததில் உடைந்த செல்களின் சக்கையெல்லாம் கலந்திருக்கும். வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் வைத்தால் கனமான சக்கை அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரில்தான் நாங்கள் தேடுகிற பொருள் இருக்கும், அதோடு வேறு நூறு பொருட்களும் இருக்கும். அதைக் கை நீளமுள்ள ஒரு கண்ணாடிக் குழாயின் உச்சியில் ஊற்றுவோம். குழாய் நிறைய ஜவ்வரிசையைவிடப் பொடியான ஜெல் மணிகள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பெரிய மூலக்கூறுகள் அந்தத் துளைகளுக்குள் நுழைய முடியாமல் நேராக இறங்கி முதலில் வந்துவிடும். சின்னவை ஒவ்வொரு துளையிலும் புகுந்து புறப்பட்டுக் கடைசியில் வரும். சொட்டுச் சொட்டாக விழுவதை வரிசையாகச் சிறு குழாய்களில் பிடித்து எண் போட்டு வைப்போம். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியை ரத்தத்தின் தெளிந்த நீரோடு கலந்து, ரத்தம் உறையத் தேவையான கல்சியத்தைக் கொஞ்சம் சேர்த்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துப் பார்ப்போம்.

நானே பிடித்த அட்டைகளில் நடுக் குழாய்கள் கொஞ்சம் தாமதமாக உறைந்தன. கொஞ்சம்தான். அக்காவின் அட்டைகளை முதன்முதலாக ஓடவிட்ட அன்று, ஜெல்லுக்குள் மங்கிய சிவப்பாக ஒரு பட்டை இறங்கியது. என் அட்டைகளில் அப்படி வந்ததேயில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் வந்த குழாய்களைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரமாகியும் அவற்றில் ரத்தநீர் உறையவில்லை. தண்ணீர் மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தேன். அவர் சிங்களப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். குழாய் எண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எங்கே வந்திருக்கிறது, கவனித்தாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். "உப்பெல்லாம் வருகிற இடத்தில். இவ்வளவு கடைசியில் எந்தப் புரதமும் வராது."

"அப்படியென்றால்?"

"ரொம்பச் சின்னப் பொருள் ஏதோ ஒன்று. அட்டையுடையது இல்லை. யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள்."

அந்த 'யாரோ'வில் நானும் இருந்தேன் என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது. உறையாத குழாய்களில் இன்னும் கொஞ்சம் கல்சியம் விடச் சொன்னார். விட்டதும் நிமிடக் கணக்கில் உறைந்துவிட்டது. கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட ரசாயனப் போத்தல் ஒன்று எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அதை எடுத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது.

பாத்திரங்களையெல்லாம் கழுவி, கரைசல்களைப் புதிதாகச் செய்து மூன்று தடவை திரும்பச் செய்தேன். நான் பிடித்த அட்டைகளில் எந்த வில்லங்கமும் இல்லை. அக்காவின் போத்தல்களில் மட்டும்தான் சிவப்புப் பட்டையும் உறையாத கடைசிக் குழாய்களும். மீதியிருந்த போத்தலைத் திறந்து முகர்ந்தேன். தேசிக்காய் வாசனை. எலுமிச்சையின் புளிப்புச் சாறு.

"சிட்ரிக் அமிலம். கல்சியத்தை அதுதான் பிடித்திருக்கிறது" என்றார் மேடம். "அந்தச் சிவப்பு, குடித்த ரத்தம். யார் அந்தப் பெண்? எதற்காக உனக்கு இதைச் செய்கிறாள்?"

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மலைக்குப் போகிறவர்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பும் தேசிக்காயும் பூசுவதுண்டு. ஆனால் அதில் ஒட்டுவது இவ்வளவு வராது. குடித்தது வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் குடித்த அட்டைகளை ஏன் போட வேண்டும்? என் வேலையைக் கெடுக்கச் சொல்லித் தலைவர் தூண்டிவிட்டிருப்பாரோ? கெம்பஸில் என்னைக் கள்ளியாக்கிவிட்டால் அந்த ரத்தக் கதை உண்மையாகிவிடும் அல்லவா? கேக்கை ஏன் வாங்கவில்லை? நோர்வூட் தாண்டுவதற்குள் அக்காவை முழுக் குற்றவாளியாக்கி முடித்திருந்தேன்.

வீட்டில் பையை வைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியான வெயில் லேசாக இருந்தது. குரல் கொடுத்துக்கொண்டு போனால் மறைத்துவிடுவார் என்று சத்தமில்லாமல் லயத்தின் கடைசிவரை நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

அக்காவின் புருஷன் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து விளங்காமல் போன கால், மடித்த சாக்கின்மேல் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. கெண்டைக்காலில் ஐந்து அட்டைகள், ஊதிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பாதியாக அறுத்த தேசிக்காயை ஒன்றின்மேல் பிழிந்தார். அது சுருண்டு விழுந்தது. அதை எடுத்து, நான் கொடுத்த போத்தலில் போட்டார்.

நிழலைப் பார்த்துவிட்டு எழுந்து கதவைச் சாத்த வந்தார்.

"என்னங்க அக்கா இது?"

"ஒண்ணுமில்ல. நீ போ புள்ள."

"இதத்தான் எனக்குக் குடுத்தீங்களா?"

"வேற எதைக் குடுப்பேன்? மலையில புடிச்சு இங்க கொண்டாந்து, இவருக்கு வச்சுட்டுத்தான் ஒனக்குக் குடுத்தேன். சாறு விட்டாத்தான் காலை விடுது." கையிலிருந்த தேசிக்காய்த் தோலைக் கீழே வைத்தார். "மூளையில ரத்தக்கட்டின்னு டாக்டர் சொன்னாரு. அட்டை எச்சில் கட்டியக் கரைக்கும்னு நீதான பீலியடியில சொன்ன? ஒம் மருந்து வர்றதுக்குள்ள இந்த மனுசன் இருப்பாரா?"

கரைக்கும் என்று நான் சொல்லவில்லை, கட்ட விடாது என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அவர் காலுக்கடியில் சாக்கு நனைந்து கறுத்திருந்தது. முந்தின நாள் கடித்த இடங்களில் சுற்றியிருந்த துணியும் ஊறியிருந்தது. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கிளினிக்ல குடுத்த மாத்திரையும் போடறாரா?"

"ஒருநாள்கூட விடல. ரெண்டும் சேந்தா சீக்கிரம் சரியாகும்ல?"

அந்த மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். மற்ற அட்டைகளை எடுத்துவிட்டு, காலைத் துணியால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அக்கா வழி நெடுக அந்தத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் உடனே வார்டுக்கு எடுத்தார்கள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது? இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலீங்க ஐயா. நானாத்தான் செஞ்சேன்."

நான் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் அக்காமேல் சந்தேகப்பட்டு ஒளிந்து போய்ப் பார்த்தவள் நான்.

ரத்தம் ஏற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அன்று போய், "நான்தான் அரைகுறையாச் சொன்னேங்க அக்கா. டாக்டர்கிட்ட அதச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா ஒம் படிப்பு போயிருக்கும்" என்றார். பிறகு, "ஒங்க கெம்பஸ் பெரியவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

மேடத்திடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். அவர் அக்காவின் அட்டைகளில் செய்த கணக்குகளையெல்லாம் கிழித்துப் போடச் சொன்னார். என்னைத் தப்பாக நினைத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த தடவை நான் ஜெல் குழாயில் ஊற்றியபோது பக்கத்தில் வந்து நின்றார். அதற்கடுத்த தடவையும் நின்றார். கடைசிவரை நானே பிடித்த அட்டைகளை வைத்துத்தான் வேலையை முடித்தேன். நடுக் குழாய்களில் ஒரு சின்னப் புரதம் இருப்பது உறுதியானது. அவ்வளவுதான். அது மருந்தாக ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாயந்திரம் அக்கா என்னை மறித்துக் கேட்டார். "அந்த மருந்தக் கண்டுபுடிச்சா மொதல்ல யாருக்குக் குடுப்பாங்க? இங்க வருமா?"

"தெரியலீங்க அக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல.

அவர் புருஷன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். மாத்திரையாலும் பயிற்சியாலும்தான் என்று நான் சொல்கிறேன். அக்கா அதை நம்புவதாக இல்லை.