தட்டில் பிழைத்தவை

ஆய்வுக்கூடத்தில் அவளைச் 'சமையல்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேளாவேளைக்கு உயிரணுக்களுக்குத் தீனி ஊற்றுவது அவள் வேலை. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அங்கே நடந்த சோதனை கேட்க எளிது, செய்ய உயிர் போகும். ஈரல் அணுக்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரபணுவை வெட்டிவிட்டு, மொத்தக் கூட்டத்தின் மேலும் வைரஸை விடுவார்கள். அணுவின் தயவில்லாமல் வைரஸ் ஒரு மண்ணும் செய்ய முடியாது. எது சாகாமல் நிற்கிறதோ, அதில் வெட்டுப்பட்ட மரபணுதான் வைரஸுக்கு உள்ளேயிருந்து உதவிய கைக்கூலி. அதை அடக்க மருந்து தேடலாம்.

அந்த வைரஸ்தான் அவள் அண்ணனின் ஈரலைத் தின்றுகொண்டிருந்தது. உலகத்தில் வேறு கிருமியே இல்லையா! வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஒரு காலை, செத்து மிதந்த குப்பைக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் உயிரோடு இருந்தது. அவளுக்கு வாய் நிற்குமா? சாயங்காலமே ஓடிப்போய், "அண்ணா, பிடிச்சிட்டோம்!" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான்.

பிழைத்த அணுக்களின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தால் ஒரு வெட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஈரல் செல்லு, நுரையீரல் செல்லு, ரெண்டு வகைக்கும் ஒரே பாட்டில்லேருந்து தீனி ஊத்தினியாம்மா?"

ஊற்றியிருந்தாள். வகைக்கொரு பாட்டில் என்பது அங்கே முதல் நாளே மண்டையில் ஏற்றும் பாடம். அன்றைக்கு நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடியப்போகிறதே என்ற பதற்றம். நுரையீரல் அணுக்களைத் தொட்ட குழலை மறுபடி பாட்டிலுக்குள் விட்டு, அதிலிருந்தே ஈரல் தட்டுக்கும் ஊற்றிவிட்டாள். கூடவே நாலைந்து அணுக்கள் வந்து விழுந்திருக்கின்றன. அந்த வகைக்குள் இந்த வைரஸ் இயல்பாகவே நுழையாது. பிழைத்தது அதுதான். பாவி, அண்ணனைப் பார்க்க ஓடிய ஓட்டமே அவனுக்கு வினையாகிவிட்டது.

"அண்ணா, அது வேற செல்லு. என் தப்பு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"வருஷக்கணக்காகும்ணா."

அவனிடம் அவ்வளவு காலம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். அதே நோயில் விழுந்த தபால்காரர், கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட சொல்லிடாத. உன் பேரைச் சொல்லித்தான் அவரை ரெண்டு வாய் சாப்பிட வச்சிருக்கேன்."

தபால்காரர் அவளைப் பார்த்ததும் ஸ்பூனை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.